வெள்ளி விலா

இரவு பத்தரை மணிக்கு வந்த செய்தி இது. ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

"நன்பர்களே, நாம் படித்த பல்லியை விட்டு வந்து 25 ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நம் வெள்ளி விலா எடுக்க முடிவாகியுள்ளது. அனைவரும் களந்து கொள்ளவும்."

அனுப்பியவன் எங்கள் அமைப்பாளன். ஒரே வகுப்பில் படித்த ஆறு பேர் கொண்ட சின்னக் குழு எங்களுடையது, அதில் வேலை என்று எதையாவது செய்கிற ஒரே ஆள் அவன்தான். இடம் பிடிப்பது, பணம் வசூலிப்பது, யாருக்கு எந்தத் தேதி சரிப்படும் என்று நாற்பது பேரிடம் கேட்டுக் குறித்துவைப்பது எல்லாம் அவன் தலையில். கணக்கில் ஒரு காசு பிசகாது. எழுத்தில் வரிக்கு ஒன்று பிசகும்.

எல்லோரும் பார்த்துவிட்டோம் என்பதற்கான குறி விழுந்துவிட்டது, ஆனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. வகுப்பில் ஆசிரியர் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் முதலில் யார் சிரிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போமே, அதே அமைதி. அப்புறம் செவிலியராக இருக்கும் தோழி ஆரம்பித்தாள்.

"யாருடைய விலா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

நான் என் பங்குக்கு, "வெள்ளி விலான்னு போட்டுட்டு சனிக்கிழமைன்னு சொல்றியே, எந்தக் கிழமைடா எடுக்கப் போற?" என்றேன். சுமாரான நகைச்சுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் தொழில் தெரிந்தவள். "மொத்தம் இருபத்து நாலு இருக்கு. மேல ஏழு சோடி மெய் விலா, கீழ அஞ்சு சோடி பொய் விலா. எதை எடுக்கிறதா உத்தேசம்? முன்னாடியே சொன்னா கத்தி எடுத்து வெக்கலாம்."

இது அவள் கற்பனை இல்லை, உடற்கூறுப் பாடம் அப்படித்தான் சொல்கிறது. முதல் ஏழு சோடி விலா எலும்புகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்பில் நேராகப் போய்ச் சேர்கின்றன, அதனால் மெய் விலா. மற்ற ஐந்தும் அப்படிச் சேர்வதில்லை, அதனால் பொய் விலா. அந்த ஐந்திலும் கடைசி இரண்டு சோடிக்கு முன்பக்கம் பிடிமானமே கிடையாது, அவற்றுக்கு மிதக்கும் விலா என்று பெயர். அவள் இதைச் சொல்லி வாய் மூடவில்லை, வழக்கமாக எந்தக் கூட்டத்துக்கும் வராமல் சாக்குச் சொல்கிற ஒருவன், "மிதக்கும் விலான்னா நான் முதல் ஆளா வந்துடறேன், என் பேரை எழுதிக்கோ" என்று குதித்து எழுந்தான். அவனை நாங்கள் இப்போதும் மிதக்கும் விலா என்றுதான் கூப்பிடுகிறோம்.

பிறகு பல்லி. "பல்லியை விட்டு வந்து 25 வருஷம் ஆச்சு, வால் மட்டும் இன்னும் அங்கேயே துடிச்சிட்டிருக்கு" என்று ஒருவர். "நாமதான் பாதி நாள் சுவர்மேல ஏறித்தானே படிச்சோம், பல்லின்னு சொன்னா தப்பில்ல" என்று இன்னொருவர். இது எங்களுக்கு மட்டுமே புரிகிற குத்து, ஏனென்றால் எங்கள் வகுப்பின் பாதிப் பையன்கள் மதிய இடைவேளைக்குப் பிறகு சுவர் ஏறிக் குதித்துப் போய்விடுவார்கள். பிழையாக விழுந்த ஒரு சொல், சரியான சொல்லைவிட உண்மையைச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் நடக்கும்போது அமைப்பாளனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "என்னடா ஆச்சு உங்க எல்லாருக்கும்? யார் வர்றீங்க, யார் வரலன்னு மட்டும் சொல்லுங்க" என்கிறான். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆட்டத்தின் ருசியே இந்தக் கட்டம்தான், சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் தெரியாமல் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும் நிலை. அதை நீட்டிக்க அவனே உதவி செய்தான். "இடம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கு, வரும் வலியைக் காலையில அனுப்பறேன்."

"நீ அனுப்ப வேண்டாம்டா. விலா எடுத்தா வலி தானா வரும்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேலே போய்த் தன் செய்தியைப் படித்திருப்பான். ஒரு நிமிடம் கழித்து, பவ்யமாக, "எழுத்துப் பிழைகளைப் பொருத்தருளவும்" என்று ஒரு வரி வந்தது.

நான் கையில் இருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன். பொறுத்தருளவும் என்று எழுத வேண்டியவன், பொருத்தச் சொல்லிவிட்டான். செவிலித் தோழிக்கு வேறென்ன வேண்டும். "வெள்ளி விலா தயாரா இருக்கு, வந்து படுத்துக்கோ, பொருத்திடறேன்."

இத்தனைக்குப் பிறகு, மணி பதினொன்றே கால் இருக்கும், எட்டு மாதமாக அந்தக் குழுவில் தமிழில் ஒரு வரிகூட எழுதாத ஒருத்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"விலாவாரியாகச் சொல்லவும்."

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டாள். அந்தச் சொல் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை, நாங்கள் மூக்கைச் சொறிந்துகொண்டு ஒரு மணிநேரமாகச் சுற்றிச் சுற்றி வந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. விலா நோகச் சிரித்தேன் என்று எழுதினால் நீங்கள் வேண்டுமென்றே எழுதுகிறேன் என்பீர்கள். ஆனால் நொந்தது அங்கேதான்.

என் சிரிப்புச் சத்தத்தில் விழித்துக்கொண்ட மனைவி என்ன என்று கேட்டாள். விளக்கினேன். விளக்கக் கூடாது என்று தெரிந்தும் விளக்கினேன். "விழாவை விலான்னு எழுதிட்டான்." அவள், "யாராவது விழாவை விலான்னு சொல்வாங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தூக்கக் கலக்கத்தில் கேட்டாலும் அது நல்ல கேள்வி. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள், யாரும் விழாவை விலா என்று சொல்வதில்லை. ழகரம் வராதவர்கள் விளா என்பார்கள், சிலர் இன்னும் வேறு விதமாக மழுப்புவார்கள், ஆனால் நாக்கு ழகரத்திலிருந்து நழுவினால் பெரும்பாலும் ளகரத்தில்தான் போய் விழும். லகரம் வரைக்கும் போகாது. அதேபோல் பள்ளியைப் பல்லி என்று சொல்பவர்களும் அரிது. எங்கள் அமைப்பாளன் பேசிக் கேட்டால் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கணீரென்று விழும். பள்ளி நாள்களில் ஒப்புவித்தல் போட்டி என்றால் அவனைத்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்டவன் ஏன் இப்படி எழுதுகிறான் என்றால், அது நாக்கு செய்த பிழை இல்லை, விரல் செய்த பிழை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தெரியும், சின்ன எல் போட்டால் ல, பெரிய எல் போட்டால் ள, ழகரத்துக்கு வேறு விசை. பெரிய எழுத்துக்கு ஒரு விசையைக் கூடுதலாக அழுத்த வேண்டும். அவசரத்தில் விரலுக்கு அந்தப் பொறுமை கிடையாது, எல்லா லளழவும் சின்ன எல்லிலேயே போய் விழுந்துவிடும். சில நேரம் ஐயோ விட்டுவிட்டோமே என்று தேவையில்லாத இடத்தில் போய் அழுத்தும். அப்படி வந்ததுதான் 'களந்து'.

இன்னொரு வகைப் பிழை இருக்கிறது. பொருத்து, பொறுத்து. இதில் விரல்மேல் பழி போட முடியாது. நம்மில் பெரும்பாலோர் ர, ற இரண்டையும் இன்று ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம், சில வட்டாரங்களில் மட்டும் வேறுபாடு தங்கியிருக்கிறது. தொல்காப்பியம் இவற்றின் பிறப்பைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை ஒற்றினால் றகரம், வருடினால் ரகரம். ஒற்றுவதற்கும் வருடுவதற்கும் உள்ள அந்த நூலிழை வித்தியாசம் நம் வாயிலிருந்து போய்விட்டது, எழுத்தில் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே எங்கே எது என்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் படித்து நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு. ந, ன கதையும் இதுதான். மயங்கொலி எழுத்துகள் எட்டு என்று பள்ளியில் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்: ண ந ன, ல ள ழ, ர ற. பெயரே மயக்கம் என்று சொல்லிவிட்டது. ஆனால் எட்டும் ஒரே மாதிரி மயக்குவதில்லை என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. சிலது விரலை மயக்கும், சிலது காதையே மயக்கும்.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்.

அந்த முதல் செய்தியில் மொத்தம் நான்கு பிழைகள். நன்பர்கள், பல்லி, விலா, களந்து. இவற்றில் இரண்டைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். மற்ற இரண்டையும் யாரும் சீண்டவே இல்லை. நன்பர்கள் என்பது வெறும் தப்பு, அது வேறு எதுவாகவும் ஆகவில்லை. களந்து என்பதற்கும் பொருள் இல்லை. பிழை என்றால் அது வழுக்கிப் போய் இன்னொரு நல்ல சொல்லின் மடியில் விழ வேண்டும், விழுந்த பிறகும் வாக்கியம் உடையாமல் நிற்க வேண்டும். விழா எடுக்கலாம், விலாவும் எடுக்கலாம். விழாவின் வினைச்சொல்லே விலாவுக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதே செய்தியில் அவன் 'விலா நடத்த முடிவாகியுள்ளது' என்று எழுதியிருந்தால் பாதிச் சிரிப்புதான் வந்திருக்கும், ஏனென்றால் விலாவை நடத்த முடியாது.

எங்களில் ஒருவனுக்கு வாத்தியார் என்று பட்டப்பெயர். அவன் வாத்தியார் இல்லை, ஆனால் எதையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்பான். அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் ஓய்ந்த பிறகு, "விளா என்று ஒரு மரம் இருக்கிறது, வெந்நீரில் தண்ணீர் கலப்பதற்கும் விளாவுதல் என்று பெயர், ஆகவே விலா விளா விழா மூன்றும் ஆயிற்று" என்று ஒரு செய்தி போட்டான். எல்லாம் சரிதான், அகராதியில் இருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிழை தானாக வந்து கதவைத் தட்ட வேண்டும், நாம் போய் அதன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து இழுத்து வந்தால் அது பாடமாகிவிடுகிறது. அதே வாத்தியார் இரண்டு நாள் கழித்துச் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "உயிர்மெய் எழுத்து மாறினா உயிருக்கும் ஆபத்து, மெய்க்கும் ஆபத்து." ழா, லா ஆனதில் மெய்யில் இருக்கிற எலும்பு போய்விட்டதல்லவா. அது உடனே வந்திருந்தால் அன்றைக்கு அவன்தான் ராஜா. இரண்டு நாள் தாமதம். இந்த விளையாட்டில் நேரத்துக்கு வராத வரி, விருந்து முடிந்து வந்த விருந்தாளி மாதிரி.

ஒற்றெழுத்தை வைத்தும் விளையாடலாம், அது கொஞ்சம் நுணுக்கமானது. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை, தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. நடுவில் ஒரு ப் வந்து உட்கார்ந்தால் ஏழை வீட்டுப் பலகை பணக்கார வீட்டுக்குப் போய்விடும். அமைதியைக் கடைப்பிடிக்கச் சொல்கிற அறிவிப்பில் அந்த ஒற்றை விட்டுவிட்டால், அமைதிக்காகக் கடை பிடிக்கச் சொன்னதாகிவிடும். ஆனால் இதற்குச் சிரிக்கிறவர்கள் குறைவு. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று தெரிந்தவர்களுக்குத்தான் சிரிப்பு, அவர்களும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள், மீசைக்குள் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் சிலேடை என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம். சிலேடையில் எழுத்துப் பிழைக்கு இடமே கிடையாது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரு வெண்பா பாடியிருக்கிறார். ஆடிக் குடத்தடையும் என்று ஆரம்பிக்கும். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுப் பாம்பாட்டியின் குடத்துக்குள் போய் அடங்கும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் போய்ச் சேரும். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பிண்ணாக்கு. எள்ளை ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு. பாம்புக்கு? பிள் நாக்கு, பிளவுபட்ட நாக்கு, இரண்டு சொல்லும் சேரும்போது பிண்ணாக்கு ஆகிவிடுகிறது. ஒரே சொல் அப்படியே நின்று இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை என்று அணி இலக்கணம் வகை பிரித்து வைத்திருக்கிறது. ஓர் எழுத்தைக்கூடத் தப்பாக எழுதாமல் பாம்பை எள்ளாக்கியவர் அவர். நாங்களோ ஒருவன் சறுக்கி விழுந்தால் அந்த இடத்தில் கூடி நின்று ஆடுகிறவர்கள். இரண்டையும் ஒப்பிடக் கூடாது. என்றாலும், விலாவாரியாகச் சொல்லவும் என்ற அந்த வரியை மட்டும் நான் காளமேகத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளியாவது, உட்காரவைப்பேன். அதில் எழுத்துப் பிழை இல்லை.

இப்போது அவளைப் பற்றி.

அவள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது எட்டாம் வகுப்பில். அதுவரை வேறு மொழியில் படித்தவள், வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. எங்களோடுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பேசினால் ஒன்றும் தெரியாது. எழுதினால் ர, ற இரண்டும் அவளுக்கு எப்போதும் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிதான். விரல் பிழை அல்ல அது. கேட்டுக் கேட்டு வளர்ந்த மொழியில், காதால் பிடிக்க முடியாத ஒன்றை எங்கிருந்து பிடிப்பாள்?

விலா விவகாரத்துக்கு எட்டு மாதம் முன்பு எங்கள் பழைய ஆசிரியர் ஒருவர் இறந்துபோனார். குழுவில் ஆளுக்கு ஒரு வரி எழுதினோம். அவள் "ஆழ்ந்த இறங்கல்" என்று எழுதினாள். நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை, "ஆழமா இருக்கு, பார்த்து மெதுவா இறங்கு" என்று போட்டுவிட்டேன்.

மூன்று பேர் சிரித்தார்கள். வரி சரியாகத்தான் விழுந்திருந்தது, பிழை இன்னொரு நல்ல சொல்லில் போய் உட்கார்ந்திருந்தது, வாக்கியம் உடையவில்லை, நேரமும் தப்பவில்லை. மேலே நான் சொன்ன எல்லா விதிக்கும் பொருந்துகிற வரி. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு வந்ததெல்லாம் கட்டைவிரல் படம், பூங்கொத்துப் படம், இரண்டு சொல் ஆங்கிலம். நான் இதைக் கவனித்தது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். கவனித்த பிறகும் கேட்கவில்லை. கேட்டால் நான் எதற்காகக் கேட்கிறேன் என்று இருவருக்கும் தெரியும், அதற்கப்புறம் மன்னிப்பு கேட்க வேண்டும், அதைப் பொறு என்று எழுதுவதா பொரு என்று எழுதுவதா என்று அவள் நினைத்துப் பார்க்க வேண்டி வரும். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு தள்ளிப் போட்டேன். சோம்பேறித்தனமும் கோழைத்தனமும் அழகான காரணங்களோடுதான் வரும்.

அமைப்பாளனும் அதே இரவில் பொருத்தருளவும் என்று எழுதினானே, அதுவும் காதுப் பிழைதானே, அவன் ஏன் வருத்தப்படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அவன் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவன். அவனுடைய தமிழ்மேல் யாருக்கும், முக்கியமாக அவனுக்கு, சந்தேகம் கிடையாது. அவன் தப்பாக எழுதினால் அவன் தப்பாக எழுதினான், அவ்வளவுதான். அவள் தப்பாக எழுதினால், பார்த்தாயா இவள் நம் மொழியில் இன்னும் விருந்தாளிதான் என்று சொன்னதாகிவிடுகிறது, சொல்கிறவன் மனத்தில் அது இல்லாவிட்டாலும்.

சரி, விழாவுக்கு வருவோம். அதை விலா என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அமைப்பாளன் அடுத்த நாளிலிருந்து வேண்டுமென்றே அப்படித்தான் எழுதத் தொடங்கினான். விலாக் குழு, விலாச் செலவு, விலா நாயகர்கள். இந்தக் குணத்துக்காகவே அவனை எங்களுக்குப் பிடிக்கும். கிண்டல் செய்ய வந்தவர்கள் கையிலிருந்த கோலைப் பிடுங்கித் தானே சுழற்ற ஆரம்பித்துவிடுவான், அப்புறம் நாங்கள் கைதட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வலியில்லை என்றும் சொல்லலாம்.

வாசலில் கட்டுவதற்கு ஒரு பதாகை அடிக்கச் சொன்னான். அதிலும் வெள்ளி விலா என்றே போட வேண்டும், வருகிற நாற்பது பேரும் குழம்ப வேண்டும் என்பது திட்டம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அன்று காலையில் பதாகையைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளி விழா என்று பளிச்சென்று அடித்திருக்கிறது. அச்சிட்டவர் நல்ல மனிதர், பாவம் படித்த பிள்ளைகள் எழுத்துப் பிழையோடு கொடுத்துவிட்டார்களே என்று இரக்கப்பட்டுத் திருத்திவிட்டாராம், அதற்குத் தனியாகக் காசுகூட வாங்கவில்லை. திருத்திய கையோடு கீழே இருந்த வரியையும் திருத்தியிருந்தார். நாங்கள் கொடுத்தது அனைவரும் வருக. அடித்திருந்தது அணைவரும் வருக.

அணைவர் என்றால் தழுவிக்கொள்பவர். வாத்தியார் பதாகையை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தான். பிறகு வாசலிலேயே நின்றுகொண்டு, வந்த ஒவ்வொருவரையும் இறுக்கி அணைத்துத்தான் உள்ளே விட்டான். இருபத்தைந்து வருடமாகப் பார்க்காத ஆள்கள், சிலருக்கு இவன் யாரென்றே நினைவில்லை, சிலர் நெளிந்தார்கள். "என்னை என்ன செய்யச் சொல்றீங்க, எழுதியிருக்கில்ல" என்று மேலே கையைக் காட்டினான். வகுப்பில் இரண்டு பேருக்குள் ஒரு பழைய சண்டை இருந்தது, பேச்சுவார்த்தையே கிடையாது. இருவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அணைத்தான். இந்த முறை தாமதம் இல்லை. அன்றைக்கு அவன்தான் ராஜா.

அவளும் வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுகிற இடத்தில் தனியாக நின்றபோது, அந்த விலாவாரி வரி பிரமாதம் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சட்டுனு தோணிடுச்சு. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி அகராதியில பார்த்தேன். சின்ன லாவா பெரிய ளாவான்னு. நீ இருக்கியே."

நீ இருக்கியே என்பதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அந்த ஆசிரியர் இறந்த அன்றைக்கு எழுதியது தப்பு என்றேன். எந்தத் தப்பு, எழுத்துப் பிழையா என்று கேட்டாள். இல்லை, எழுத்தெல்லாம் சரியாக இருந்தது என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். அதற்கு மேல் பேசவில்லை. நிழற்படம் எடுத்தார்கள், மிதக்கும் விலா உண்மையிலேயே கொஞ்சம் மிதந்தான், ஒப்புவித்தல்காரன் நன்றியுரையில் நிறுத்தி நிதானமாக விழா விழா என்று ஏழு முறை சொன்னான், ஒவ்வொரு முறையும் கூட்டம் கூச்சல் போட்டது.

வீடு திரும்பும்போது பேருந்தில் நல்ல கூட்டம். என் நிறுத்தம் வந்து படிக்கட்டில் நிற்கும்போது சட்டைப்பையில் அலைபேசி அதிர்ந்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக வந்திருந்தது.

"பார்த்து இரங்கு."

வண்டி இன்னும் முழுதாக நிற்கவில்லை, பின்னால் நின்றவர் எறங்குங்க சார் என்கிறார், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ரகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மாறி விழுந்ததா, அகராதி பார்த்துவிட்டுப் போட்டதா? நேரில் சொல்லியிருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும்.

கீழே வந்து நின்று, இடையின ரகரம்தானா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "இரங்கிட்டேன்" என்று அனுப்பினேன்.